டிரையர் பிடித்தவள்

'உதவியாளர்' என்று அச்சடித்த அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டவர் என் நாத்தனார். நாடா முடியில் சிக்காமல் எடுத்துவிட்டு, அட்டையை நேராக்கி, "நல்லாத்தான் இருக்கு" என்று வேறு சொன்னார். மாலையா போட்டார், நன்றாக இருப்பதற்கு? வாயைத் திறந்தால் அங்கேயே ரகளையாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'கலைஞர்' என்று இருந்தது.

கலைக்கூடத்தின் நடுவில் ஒரு நீள மேசை. அதன்மேல் பெரிய வெள்ளைத் தாள், நான்கு ஓரமும் டேப் ஒட்டி. எதையும் உறிஞ்சாத, தொட்டால் வழவழவென்றிருக்கும் தாள். ஆல்கஹாலில் கரைத்த சாயமான ஆல்கஹால் இங்க், அந்த மாதிரித் தாளில்தான் ஓடும். மேலே ஒரு கேமரா தொங்கியது. மேசையில் விழும் சொட்டு, பின்னாலிருந்த திரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரியும். எதிரே நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. மூன்றாவது வரிசையில் என் கணவர், அக்காவுக்குக் கை தட்டுவதா மனைவிக்குக் கை தட்டுவதா என்று புரியாமல், கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆண்டுதோறும் அந்தக் கூடம், புதிதாக வரைய வந்தவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்தும். எல்லோர் எதிரிலும் ஒரு படத்தைச் செய்து காட்டுவதுதான் கடைசிப் பரீட்சை. நாத்தனார் அதுவரை வந்துவிட்டார். அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்திய நீலப் படத்தில் பாதி என்னுடையது. அது அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்காவது தெரியவருமா என்றுதான் காத்திருந்தேன்.

பாதி என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் முக்கால் என்றிருப்பேன்.

நான் ப்யூட்டி பார்லரில் வேலை செய்கிறேன். முடி வெட்டுவது, சாயம் போடுவது, உலர்த்திச் சீவிவிடுவது. நாத்தனாருக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை. குப்பிகளைக் கழுவி அடுக்குவதும், டீச்சர்கள் கேட்பதை எடுத்துக் கொடுப்பதும். எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருக்கிறார். கணவரின் அக்கா என்பதால் நான் அவரை அண்ணி என்று கூப்பிடுகிறேன். அவர் என்னைச் சூறாவளி என்று கூப்பிடுகிறார். கல்யாணமான புதிதில் என் கோபத்தைப் பார்த்துவிட்டு வைத்த பெயர். அது குடும்பம் முழுக்கப் பரவி, இப்போது என் மாமியார்கூட என் சொந்தப் பெயரைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

இங்க் பைத்தியம் முதலில் பிடித்தது அவருக்குத்தான். ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, சின்னச் சின்னக் குப்பிகளாக வாங்கி வந்து, சாதாரணத் தாளில் சொட்டுவிட்டிருக்கிறார். தாள் குடித்தது போக மீதியைச் சாப்பாட்டு மேசை குடித்தது. அந்த ஊதாக் கறை இன்னும் போகவில்லை. பிறகு குளியலறைக்குப் போட்டு மீந்த டைல்ஸை எடுத்து, அதில் ஸ்பிரிட்டை ஊற்றி, இங்க் சொட்டி, ஸ்டிராவால் ஊதிக்கொண்டிருந்தார். நான் இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, ஊதி ஊதித் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பையில் பார்லர் டிரையர் இருந்தது. "கொடுங்க இப்படி" என்று உட்கார்ந்தவள்தான், அதன்பின் எந்த ஞாயிற்றுக்கிழமையும் எழுந்திருக்கவில்லை.

சுலபமாக வரவில்லை. முதலில் சூடான காற்றை வேகமாக வைத்தேன். இங்க் நாலாபுறமும் சிதறி, ஆறிய புண்ணின் பொருக்கு மாதிரிக் காய்ந்தது. குளிர்ந்த காற்று, குறைந்த வேகம் என்று மாற்றினேன். நேர் மேலிருந்து காட்டினால் நடுவில் பள்ளம் விழுகிறது. சாய்த்துக் காட்டினால் நீண்டு போகிறது. நெற்றி முடியை உலர்த்தும்போது மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றுவோம். அதையே இங்க்கின் ஓரத்தில் செய்தபோது ஓரம் மடிந்து மடிந்து, இதழுக்குப் பின்னால் இதழாக எழுந்து நின்றது. நாங்கள் இருவருமே வாயைப் பொத்திக்கொண்டோம்.

அதற்குப் பிறகும் பாழாக்கிய டைல்ஸ்தான் அதிகம். ஊதாவையும் மஞ்சளையும் ஒன்றாக ஓடவிட்டால் சேறு. காய்ந்த இடத்தின்மேல் ஸ்பிரிட் பட்டால் கீழே இருப்பதும் கரைந்து கிளம்பிவிடும். அழகாக வந்திருக்கிறதே, இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் மொத்தமும் போகும். ஒருமுறை நல்ல ஸ்பிரிட் தீர்ந்துபோய், நான் பார்லரில் சீப்பும் கத்தரியும் துடைக்கிற மருந்துக்கடை ஸ்பிரிட்டை எடுத்துக்கொண்டு போனேன். அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். இங்க் ஓடாமல் திரிந்த பாலாகத் திப்பித் திப்பியாக நின்றது. அண்ணி அந்தக் குப்பியைத் தூக்கி ஜன்னலோரம் வைத்து, "இது வீட்டுக்குள்ள வரவே கூடாது" என்றார்.

நாற்றம் தாங்காமல் என் கணவர் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, அடுப்பு லைட்டரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். "ஒரு பொறி பட்டா போதும், குடும்பத்தோட டிக்கெட்" என்பார்.

வண்ணம் எடுப்பது அண்ணியின் வேலை. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், வைப்பார், இன்னொன்றை எடுப்பார், அதையும் வைத்துவிட்டு முதலில் எடுத்ததற்கே வருவார். எனக்கு எரிச்சலாக வரும். ஏதோ ஒரு கலர், சொட்டுங்களேன், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கும்.

டைல்ஸை விட்டு வழவழத் தாளுக்கு மாறிய பிறகு, அந்த நீலப் படம் ஒரு மழை நாளில் வந்தது. அவர் நீலத்தைச் சொட்டி, அதன் பக்கத்தில் துளி பச்சையை வைத்துவிட்டுக் கையை எடுத்தார். நான் காற்றைக் காட்டினேன். ஈரத்துணியை உதறி விரித்தது போல நீலம் தாள் முழுக்க விரிந்தது. "போதும்" என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன், ஒரே நேரத்தில். அதுவரை எங்களுக்குள் அப்படி நடந்ததே இல்லை.

அண்ணி அந்தப் படத்தைக் கலைக்கூடத்துக்குத் தன் பெயரில் அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்தது எப்படி? என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "அக்கா படம் செலக்ட் ஆயிடுச்சாம்" என்றார்.

"யாரு படம்?"

அவருக்குச் சோறு தொண்டையில் நின்றது. நான் மாடிப்படியேறும்போதே மேல்மாடிக் கதவு திறந்தது. என் காலடிச் சத்தம் அவருக்குத் தெரியும்.

"ஒரு பேருதான் போடலாம்னு இருந்துச்சு, சூறாவளி. நான் என்ன பண்ணட்டும்?"

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா மட்டும்? கலர் என்னோடது. யோசனை என்னோடது. நீ காத்துதானே அடிச்சே? ஹேர் டிரையர் யார் வேணா பிடிக்கலாம்."

அந்த வார்த்தை நெஞ்சில் தைத்துவிட்டது. நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள். மாடிப்படியில் நான்கு வீட்டுக் கதவுகள் திறந்து மூடின. அதன்பிறகு நாங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டோம். என் கணவர் இரண்டு மாடிக்கும் நடுவில் தபால்காரராக ஏறி இறங்கினார்.

வெகுநாள் கழித்து ஒரு பிற்பகல், அண்ணி பார்லர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். "நுனி மட்டும் வெட்டிவிடு" என்றார். வந்த வாடிக்கையாளரைத் துரத்த முடியுமா? கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினேன், கொஞ்சம் இறுக்கமாகவே. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபடி பேசினார்.

"எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டணுமாம்."

"செஞ்சு காட்டுங்க."

"தனியா பண்ணிப் பாத்தேன். வரல."

"யார் வேணா பிடிக்கலாம்னீங்களே. யாரையாவது கூப்பிட்டுக்கோங்க."

"கோவத்துல காதை வெட்டிடாதே." கண்ணாடியில் என் முகத்தை விட்டுக் கத்தரியைப் பார்த்தார். "வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து நான் அசிஸ்டென்ட்தான். டீச்சருங்க பாடம் எடுப்பாங்க, நான் டியூப் கழுவுவேன். என் பேரு ஒரு இடத்துலயும் வந்ததில்ல. இந்த ஒரு தடவை என் கூட நில்லு."

"என் பேரு மட்டும் எங்கே அண்ணி வந்துச்சு?"

அவர் துணிக்கடியிலிருந்து கையை வெளியே எடுத்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"படம் முடிஞ்சதும் மைக்கை வாங்கி நானே சொல்றேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணினோம்னு."

"ரெண்டு பேருன்னா ஒத்துக்க மாட்டாங்களே?"

"படம் வர்றதை நேர்ல பாத்தப்புறம் யாரு வேணாம்பாங்க? சொல்றேன்டி. என் தம்பி மேல சத்தியம்."

தம்பி என்றால் என் புருஷன். சத்தியம் பொய்த்தால் நஷ்டம் எனக்குத்தான். ஆனாலும் தலையாட்டினேன். நீலப் படத்துக்கு அப்புறம் என் கையில் டிரையர் வெறும் முடி உலர்த்தும் சாமானாக ஆகிவிட்டிருந்தது. எனக்கு மறுபடி ஒரு தாளின் முன்னால் நிற்க வேண்டியிருந்தது, அதற்கு அண்ணிதான் வழிவிட வேண்டும் என்றாலும் சரி.

இப்படித்தான் கழுத்தில் அட்டையோடு அந்த மேசைக்குப் பின்னால் வந்து நின்றேன்.

கூடத்தின் பொறுப்பாளர் அம்மா மைக்கில் அண்ணியை அறிமுகப்படுத்தினார். யாருடைய துணையும் இல்லாமல், வீட்டு மேசையிலேயே, தன்னந்தனியாகக் கற்றுக்கொண்டவர் என்றார். தன்னந்தனியாக என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். கை தட்டினார்கள். நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் தாளைப் பார்த்தார்.

நடுவர்களில் தாடி வைத்த ஒருவர் எழுந்தார். பேசுவதற்கு முன் தாடியைத் தடவி அனுமதி வாங்கிக்கொள்கிற ஆள்.

"ஒரு சின்ன விஷயம் தெளிவுபடுத்திக்கிறோம். உதவிக்கு ஒருத்தர் நிக்கலாம், தப்பில்ல. ஆனா இது தனிநபர் கண்காட்சி. படம் ஒருத்தர் படமா இருக்கணும். இது முழுக்க உங்க படம்தானே?"

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை.

"என் படம்தான் சார். இவங்க நான் சொல்ற இடத்துல காத்து காட்டுவாங்க, அவ்வளவுதான்."

உள்ளங்கால் வரை எரிந்தது. படம் முடிந்ததும் சொல்வதற்கு இனி என்ன இருக்கிறது? முன்னாலேயே இல்லை என்று சொல்லியாகிவிட்டது. டிரையரைத் தூக்கிப் போட்டுவிட்டு இறங்கிப் போயிருப்பேன். பிளக்கில் மாட்டியிருந்த ஒயர் என் பின்னால் சுற்றிக் கிடந்தது. அதைத் தாண்டக் காலைத் தூக்கியபோதுதான் அந்தக் குப்பியைப் பார்த்தேன்.

யாரும் வீட்டிலிருந்து எதையும் தயாரித்துக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று சாமான் எல்லாவற்றையும் கூடமே கொடுத்திருந்தது. தாள், இங்க், தூரிகை, டிஷ்யூ, ஸ்பிரிட். வாங்கி வந்தவர் யாரோ, ஸ்பிரிட் என்றால் ஸ்பிரிட் என்று மருந்துக்கடையில் வாங்கிவிட்டிருக்கிறார். வெளிர்நீல மூடி, பக்கவாட்டில் சிவப்புக் கோடு. தினமும் நான் சீப்பைத் துடைக்கிற அதே குப்பி. அண்ணி அதன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பயத்தில் அவருக்கு எதிரே இருப்பது குப்பியா கூஜாவா என்றுகூடத் தெரிந்திருக்காது.

காலை இறக்கினேன். பேசாமல் நின்றால் போதும் என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள். ஊற்றட்டும். திரிந்துபோகட்டும். திரையில் தட்டு அளவுக்கு எல்லோரும் பார்க்கட்டும். முழுக்க உங்கள் படம்தானே அண்ணி? அந்த ஒருத்தியின் குரல் தேனாக இருந்தது. ஆனால் தாள் இருந்ததே, அத்தனை பெரிய வெள்ளைத் தாள், இதுவரை நாங்கள் தொட்டே பார்க்காத அளவு. அதைக் கண் முன்னால் பாழாக விட எனக்கு மனம் வரவில்லை. பாழாய்ப்போன மனம்.

"அண்ணி, அதை ஊத்தாதீங்க. சீப்பு துடைக்கிற ஸ்பிரிட் அது."

அவர் சிரித்த முகம் மாறாமல், உதடு அசையாமல் சொன்னார்: "இப்ப ஆரம்பிக்காதே, சூறாவளி. சத்தியமா அப்புறம் சொல்றேன். கெடுத்துடாதே."

"நான் எதைக் கெடுக்கிறேன்? குப்பியைப் பாருங்க."

பார்க்கவில்லை. ஊற்றிவிட்டார். நான் பழிவாங்குகிறேன் என்றே நினைத்ததாகப் பிறகு அவரே சொன்னார்.

ஸ்பிரிட் தாளில் குளமாகப் பரவியது. அண்ணி நீலத்தைச் சொட்டினார். நல்ல ஸ்பிரிட்டாக இருந்தால் விழுந்த கணமே ஓடியிருக்கும். இது கொஞ்சதூரம் போய்த் தயங்கி நின்று, ஓரம் பிய்ந்து, திப்பிகளாகச் சுருங்கியது. பின்னாலிருந்த திரையில் அது பூதாகாரமாகத் தெரிந்தது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் எதையோ சொன்னார். அண்ணியின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். குப்பியைத் திருப்பிப் படித்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மாதக்கணக்கில் கனவு கண்டிருக்கிறேன். நேரில் பார்த்தபோது ஒரு சந்தோஷமும் வரவில்லை.

பயந்துபோனவர் செய்வதையே அவரும் செய்தார். இன்னும் நீலம், அதன்மேல் பச்சை, அது போதாதென்று ஊதா. "ஊது, ஊது" என்றார் பல்லுக்குள். நான் காற்றைக் காட்டினேன். தண்ணீர்தான் அசைந்தது, வண்ணம் அசையவில்லை. மூன்று வண்ணமும் ஒன்றையொன்று விழுங்கிச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு சொட்டு விழுந்தால் சேறுதான்.

"கையை எடுங்க அண்ணி."

"என்ன?"

"கையை எடுங்கன்னு சொன்னேன்."

கேமராவுக்குக் கீழே இருக்கிறோம் என்பதெல்லாம் மறந்துபோய்விட்டது. டேப்பைப் பிய்த்தேன். தாளின் ஒரு ஓரத்தைத் தூக்கிச் சாய்த்து, குளத்தை மறு ஓரத்தில் டிஷ்யூவால் ஒற்றி எடுத்தேன். தேய்க்காமல், குழந்தையின் தலையைத் துவட்டுவது போல ஒற்றி ஒற்றி. மிச்சமிருந்த ஈரத்தைக் குளிர்ந்த காற்றில் காயவிட்டேன். அதற்கு ஒரு யுகம் ஆனது. யாரோ இருமினார்கள். தாடிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். கடைசியில் தாளில் நின்றது ஒரு மங்கிய சாம்பல், நடுநடுவே நீலத் தழும்புகளோடு. விடிவதற்கு முன் வானம் அப்படி இருக்கும். மோசமில்லை என்று என் மனதுக்குள் பட்டது.

இனி ஸ்பிரிட்டே கூடாது. இங்க்கிலேயே ஆல்கஹால் இருக்கிறது. அதை அப்படியே சொட்டிக் காற்றால் ஓட்டலாம். ஆனால் எதுவும் கலக்காமல் விழும் இங்க் கண் இமைப்பதற்குள் காய்ந்துவிடும். அண்ணி சொட்டி, கையை எடுத்து, நான் டிரையரைக் கொண்டுவந்து காட்டும் நேரம்கூடக் கிடைக்காது. சொட்டுவதும் ஓட்டுவதும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். அது எனக்குப் புரிந்தது. டிரையரை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையைக் குப்பிகளின் பக்கம் நீட்டினேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"என்ன கலர் அண்ணி?" என்று கேட்டேன். பழக்கம்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். "நீதானே பண்றே," என்றார். கோபமாகத்தான் சொன்னார். "நீயே எடு."

குப்பிகளைப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. படம் என்னுடையது, என்னுடையது என்று மாடிப்படி அதிரக் கத்தியவள், ஒரே ஒரு நாள்கூட ஒரு குப்பியைத் தேர்ந்தெடுத்ததில்லை. சிவப்பு வைத்தால் சாம்பலோடு என்ன ஆகும்? மஞ்சள் தாங்குமா? அண்ணி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பார்த்து வைத்தாரே, அப்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்? எனக்குத் தெரியவில்லை. கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் என் கணவர் எழுந்து நின்றுவிட்டார், ஏதோ ஓடிவந்து பிடிக்கப் போகிறவர் மாதிரி.

அண்ணி எனக்கு உதவியிருக்கலாம். உதவவில்லை. அது தண்டனையா வேறேதாவதா என்று அவருக்கே தெரியுமோ என்னவோ.

ஒரு குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பச்சை. சாம்பலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். செத்த நிறமாக இருந்தது. வைத்தேன். சிவப்பு. கண்ணைக் குத்தியது. வைத்தேன். மூலையில் ஒரு காவிப் பழுப்பு இருந்தது. வீட்டில் இருந்த அந்த நிறத்தை அண்ணி திறந்ததே இல்லை. துருப்பிடித்த ஆணி என்பார். வெளிச்சத்தில் தூக்கியபோது அதற்குள் கொஞ்சம் செம்பு தெரிந்தது. சாம்பலின்மேல் பிடித்துப் பார்த்தேன். சாம்பல் அடங்கிப் பின்னால் போனது. எனக்கு மூச்சு வந்தது.

ஒரு சொட்டு. உடனே காற்று. பழுப்பு மேல்நோக்கி ஓடி, ஓரத்தில் மெல்லிய கோடு இழுத்து நின்றது. அதன்மேல் இன்னொரு சொட்டு, மணிக்கட்டைச் சுழற்றினேன், மடிந்தது. தப்பாகவும் போனது. ஓர் இடத்தில் காற்று அதிகமாகிப் பொருக்குத் தட்டியது, அதைத் திருத்தப் போகாமல் விட்டேன். ஒரு சொட்டு நான் நினைத்த பக்கம் வராமல் நீலத் தழும்புக்குள் புகுந்து, இரண்டுக்கும் நடுவில் கருமையாக ஒரு கீற்றுப் போட்டது. அந்தக் கீற்றைப் பார்த்ததும் அடுத்தது எங்கே விழ வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அது எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பயமும் இருந்தது, ஆசையும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன.

நீலப் படத்தின் பக்கத்தில் வைத்தால் இது ஒன்றுமில்லை. அந்த வழவழப்பு இதில் இல்லை. இடது பக்கம் பாரமாகிவிட்டது. அதையெல்லாம் அப்போதே பார்த்தேன், ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. பொறுப்பாளர் அம்மா கிட்டே வந்து நின்றதும், மைக்கை நீட்டியதும், தாடிக்காரர் ஏதோ கேட்டதும் ஓரக்கண்ணில் பட்டன. மைக்கை வாங்கியவர் அண்ணி.

அவர் பேசியது பக்கத்து வீட்டு டிவியாகத்தான் என் காதில் விழுந்தது. என்ன சொன்னார் என்பதைப் பிறகு என் கணவர் சொல்லித்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். "சார், முன்னாடி நான் சொன்னது பொய்," என்றாராம். "அந்த நீலப் படத்துக்குக் கலர் நான் போட்டேன். அதைப் படமா ஆக்கினது இவ. என்கிட்ட தனியா பண்ணின படம் ஒண்ணுகூட இல்ல. அதனால இந்தக் கண்காட்சி எனக்குக் கிடையாது, தெரியும். இப்ப இங்கே நடக்குதே, இதுல எனக்குப் பங்கே இல்ல. குப்பியைக்கூட அவதான் எடுத்தா." தாடிக்காரர் தாடியைத் தடவவே மறந்துபோனாராம். என் கணவர் அழுதுவிட்டாராம். இவர் எதற்குத்தான் அழமாட்டார்.

அந்த வார்த்தைகளுக்காக எத்தனை நாள் தூங்காமல் புரண்டிருக்கிறேன். அவை வரும்போது நான் எப்படி நிமிர்ந்து நிற்பேன், என்ன முகம் வைத்துக்கொள்வேன் என்றெல்லாம் ஒத்திகை பார்த்திருக்கிறேன். வந்தபோது நான் குனிந்திருந்தேன். கடைசியாக விட்ட சொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. அது கருங்கீற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. தொட்டால் கெட்டது, தொடாமல் நின்றால் படம் முடிந்தது. அந்த இடைவெளியில் காற்றைப் பிடித்து வைத்திருந்தேன். அண்ணியோ பேசிக்கொண்டே விளக்குக்கும் தாளுக்கும் குறுக்கே வந்து நின்றுவிட்டார். ஈரம் எதுவரை என்று எனக்குத் தெரியவில்லை.

"அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றேன். "நிழல் விழுது."